என் பேரை அவள் சொல்லவில்லை

நாற்பத்து நான்கு வயதில்தான் நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பாசிர் ரிஸ் கடற்கரைப் பூங்காவில், வாடகைக்கு எடுத்த சைக்கிளில், என்னைவிட மோசமாக ஓட்டிய ஒரு தோழியோடு. அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. ஒரே தேவாலயத்தில் ஒரே தமிழ்ப் பூசைக்குப் போகிறவர்கள். புக்கிட் மேராவில் என் அடுக்குமாடி புளோக்குக்கு அடுத்த புளோக்கில் அவள் வீடு. பக்கத்திலேயே ஓட்டிப் பழகினால் தெரிந்தவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள் என்றுதான் தீவின் மறுகோடிக்கு ரயில் பிடித்துப் போனோம். அங்கே எங்களைத் தாண்டிப் போன ஐந்து வயதுப் பிள்ளைகள் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தன.

அவள் ஓட்டும்போது நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவேன். நான் ஓட்டும்போது அவள். "புடிச்சிருக்கேன்டி, புடிச்சிருக்கேன்" என்று கத்திக்கொண்டே அவள் எப்போதோ கையை விட்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் தூரத்தில் இடுப்பில் கை வைத்து நின்று சிரிக்கிறாள். நான் நேராகப் போய் ஒரு வேலியில் மோதினேன். முழங்கையில் தோல் உரிந்துவிட்டது. எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

இரண்டு மாதத்தில் ஆளுக்கொரு சைக்கிள் வாங்கிவிட்டோம். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓட்டினாள். நான் வேலைக்கே அதில் போக ஆரம்பித்தேன். லிட்டில் இந்தியாவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. ரயிலில் போனால் குளுகுளுவென்று சீக்கிரம் போய்விடலாம். சைக்கிளில் நாற்பது நிமிடம், போய்ச் சேரும்போது முதுகில் சட்டை ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் அந்த நாற்பது நிமிடத்தில் என்னிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கடையில் நாள் முழுக்க, இது எனக்கு நல்லா இருக்கா, இதைவிட அது நல்லா இருந்துச்சா என்று கேட்கிற முகங்களைப் பார்த்துப் பொய் சொல்லும் ஒருத்திக்கு அது பெரிய விஷயம்.

தஞ்சோங் பகார் வரைக்கும் நடைபாதையிலேயே ஒட்டிக்கொண்டு போவேன். அங்கே அலுவலகக்காரர்கள் கையில் கோப்பியும் கண்ணில் தூக்கமுமாக ரயில் நிலையத்திலிருந்து கொட்டுவார்கள், அவர்களுக்கு மணி அடித்தால் பிடிக்காது, அடிக்காவிட்டாலும் பிடிக்காது. பென்கூலன் சாலைக்கு வந்தால்தான் மூச்சு விடுவேன். அங்கே சைக்கிளுக்கென்றே தனிப்பாதை போட்டிருக்கிறார்கள். நடப்பவருக்கு நடக்க இடம், எனக்கு ஓட்ட இடம், யாரும் யாரையும் முறைக்க வேண்டியதில்லை. ஒரு தெருவை இப்படிச் செய்ய முடியும் என்றால் எல்லாத் தெருவையும் ஏன் செய்யக் கூடாது என்று தினமும் காலையில் எனக்குக் கோபம் வரும். கடை இருக்கும் தேக்காவை நெருங்கினதும் இறங்கிவிடுவேன். வெங்காய மூட்டையும் பயணப்பெட்டியும் வெளியே அடுக்கி வைத்த, கடைவாசல்களை ஒட்டிய ஐந்தடிப் பாதையில் நடக்கவே இடம் இருக்காது. முதலாளி பாய் நல்ல மனிதர். ஃபிரேம் பெட்டிகளுக்கு நடுவே என் சைக்கிளுக்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்திருந்தார். "கண்ணாடி போட்டுக்கிட்டு ஓட்டுறீங்கல்ல அக்கா? நம்ம கடை மானம் போயிரும்" என்பார்.

இந்தப் பயணத்தில் மோசமான இடம் ஒன்றே ஒன்று. அது என் வீட்டுக்குக் கீழேயே இருந்தது. எங்கள் தெரு இறக்கமாகப் போய்த் திரும்பும் இடத்தில், மின்சார அறையின் சுவருக்கும் சாக்கடைக் கம்பிவேலிக்கும் நடுவில் நடைபாதை ஒடுங்கிவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரியாது. சாலையில் இறங்கி ஓட்டலாம் என்றால் இறக்கத்தில் பேருந்துகள் பறந்து வரும். சாலையில் எனக்குப் பயம். நடைபாதையில் என்னைக் கண்டு மற்றவர்களுக்குப் பயம்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு காலை, அந்த வளைவில் ஒரு சீனப் பெரியவரை நான் இடித்துவிட்டேன்.

அன்றைக்குக் கிளம்பவே தாமதம். இறக்கத்தில் பிரேக் பிடிக்க மனசில்லை. சுவரைத் தாண்டி அவர் வந்ததைப் பார்த்தேன், கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி தொங்கியதையும் பார்த்தேன், அதற்குள் என் ஹேண்டில் அவர் தோளில் பட்டு அவர் வேலியில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டார். கோப்பி முழுவதும் அவர் கால்சட்டையில். நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்கினேன். எழுந்து நின்றார். ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, பரவாயில்லை, பரவாயில்லை, போ என்று தலையை ஆட்டினார். நான் இரண்டு முறை சாரி சொன்னேன். மணியைப் பார்த்தேன். போய்விட்டேன்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்தை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் போனேன். பரவாயில்லை என்று அவர் சொன்னதை எனக்கு வசதியாக அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்துக் கோப்பிக் கடையில் அவரைக் கண்டேன். கையில் மாவுக்கட்டு, இடது கையால் மீ நூடுல்ஸைக் கிளறிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் நிமிர்வதற்குள் நான் திரும்பி வந்த வழியே நடந்துவிட்டேன். அதற்கப்புறம் அந்த வளைவில் ஒரு நாள்கூட நான் சைக்கிளில் உட்கார்ந்ததில்லை. இறங்கித் தள்ளித்தான் போவேன். ஆனால் அவரைத் தேடிப் போய் நான்தான் என்று சொல்லவில்லை. மாதங்கள் ஆக ஆக இன்னும் சொல்ல முடியாமல் போனது.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவரைத் தவிர ஒரே ஓர் ஆளிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தோழியும் நானும் அலெக்ஸாண்ட்ரா கால்வாய் ஓரமாக ஓட்டிக்கொண்டு போவது வழக்கம். பக்கம் பக்கமாக ஓட்டும்போது ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க வேண்டியதில்லை, கண் பாதையில் இருக்கும், வாய் பாட்டுக்குப் பேசும். அவள் மாமியாரைப் பற்றி, என் கல்யாணம் நின்றுபோனதைப் பற்றி, எல்லாவற்றையும் அப்படித்தான் பேசித் தீர்த்திருக்கிறோம். பெரியவரைப் பற்றியும் அங்கேதான் சொன்னேன்.

"அந்த அங்கிள் எங்க புளோக்தான்டி, ரெண்டாவது மாடி" என்றாள். அப்புறம், "நீ என்ன வேணும்னா செஞ்சே? விடு லா. எனக்குத் தெரிஞ்சது வேற யாருக்கும் தெரியாது" என்றாள்.

அந்த வார்த்தையை நம்பினேன். அதை நம்புவதற்கு என்னிடம் பல வருடச் சாட்சி இருந்தது.

போன வருடம் அவளுக்கு முட்டி வலி வந்தது. இனிமேல் மிதிக்க முடியாது போலிருக்கிறது என்றாள். காலையில் எழுந்து தமிழ்ப் பூசைக்கு வரவும் கஷ்டமாக இருக்கிறது, சாயங்காலம் ஆங்கிலப் பூசைக்குப் போய்க்கொள்கிறேன் என்றாள். எனக்கு உயிரே போனது போல் இருந்தது. தேக்காவில் தைலம் வாங்கினேன், முடக்கத்தான் கீரை வாங்கி தோசைக்கு அரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போதாதென்று அவள் முட்டி குணமாக வேண்டி ஒன்பது வாரத்துக்குப் பூசைக் கருத்து எழுதிக் கொடுத்தேன். எங்கள் வழக்கப்படி பூசை தொடங்கும் முன்னால் அதை எல்லோர் காதிலும் விழும்படி வாசிப்பார்கள். இறந்தவர்களின் ஆன்ம சாந்திக்காக, தேர்வெழுதும் பிள்ளைகளுக்காக, இன்னாரின் முழங்கால் சுகம் பெற. ஒன்பது ஞாயிறு சபையே எழுந்து நின்று அவள் முட்டிக்காக ஜெபித்தது. நான் கண்ணை மூடி மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கால்வாய் ஓரம் தனியாகப் போனேன். பேச ஆள் இல்லாமல் சீக்கிரம் திரும்பிவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் புளோக்கின் மின்தூக்கிப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். தெருவோரம் வரிசையாக இருக்கும் கார் நிறுத்துமிடங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அகலமான நடைபாதையும் அதன் பக்கத்தில் சைக்கிள் பாதையும் போடுவது பற்றி யோசிக்கிறார்களாம். குடியிருப்பாளர்கள் சனிக்கிழமை மத்தியானம் வந்து கருத்துச் சொல்லலாம். வரைபடத்தை விரலால் தொடர்ந்துகொண்டே போனேன். மின்சார அறையின் சுவர் இருக்கும் இடத்தில் பாதை விலகி, அகலமாகி, வளைவு முழுவதும் கண்ணுக்குத் தெரியும்படி வரைந்திருந்தார்கள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பாதை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று வெளியாருக்குப் புரியாது. வேலைக்குச் சுலபமாகப் போகலாம் என்பதெல்லாம் அப்புறம். அந்த வளைவில் இன்னொரு மனிதர் கையை ஒடித்துக்கொள்ளக் கூடாது. நான் செய்ததை என்னால் நேர் செய்ய முடியவில்லை, அந்த இடத்தையாவது நேர் செய்துவிட வேண்டும். அதற்காக ஒரு கூட்டத்தில் எழுந்து பேச வேண்டும் என்றால் பேசத் தயாராக இருந்தேன். நான் நான்கு பேர் முன்னால் பேசினதே கிடையாது. ஒரு வாரம் கடையில் ஆளில்லாத நேரமெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று ஆங்கிலத்தில் பேசிப் பழகினேன். முதலாளி பாய் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "அக்கா, கொஞ்சம் கோபம் கம்மி பண்ணுங்க, பாதை தர்றவங்ககிட்டயே சண்டை போடுறீங்க" என்றார்.

தோழிக்குப் போன் செய்தேன்.

"கண்டிப்பா வர்றேன்டி" என்றாள். "நீ பேசு. முதல் கைத்தட்டு நான்தான்."

"முட்டி வலியோட எப்படி வருவே? நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"வேணாம் வேணாம். நான் மெதுவா வந்துருவேன், நீ முன்னாடி போ."

கூட்டம் சமூக மன்றத்தின் ஓர் அறையில். ஐம்பது நாற்காலி போட்டிருந்தார்கள், முக்கால்வாசி நிரம்பிவிட்டது. முன்வரிசையில் ஓரமாக அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் இப்படிப்பட்ட கூட்டத்துக்கு வருகிற ஆளில்லை. நான் நான்காவது வரிசையில் உட்கார்ந்தேன். தோழி கடைசியில் வந்து எனக்குப் பின்னால் எங்கோ உட்கார்ந்தாள். திரும்பிக் கையாட்டினேன், அவளும் ஆட்டினாள்.

வரைபடத்தைத் திரையில் காட்டி விளக்கினார்கள். ஒரு மலாய் அம்மா, பிள்ளைகள் பள்ளிக்குச் சைக்கிளில் போகலாம், நல்லது என்றார். ஒருவர் கார் நிறுத்த எங்கே போவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான், பல மாடிக் கார்ப்பேட்டையில் இடம் இருக்கிறது என்று பதில் சொன்னார்கள். கொஞ்சம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். நான் பேச வேண்டியதை எழுதின தாளை மடியில் நீவிக்கொண்டே, அடுத்ததாகக் கையைத் தூக்கலாம் என்று மூச்சை இழுத்தேன். அதற்குள் எனக்குப் பின்னால் ஒரு குரல் எழுந்தது. எனக்கு என் குரலைவிட நன்றாகத் தெரிந்த குரல்.

அவள் ஆங்கிலத்தில் அழகாகப் பேசுவாள். சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு வசதி செய்து கொடுப்பதற்கு முன்னால் அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று யோசிக்க வேண்டும் என்றாள். இந்தக் குடியிருப்பு எஸ்டேட்டிலேயே ஒரு பெண்மணி இருக்கிறார், பேர் வேண்டாம் என்றாள். தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர். அந்த வளைவில் ஒரு முதியவரை இடித்துத் தள்ளிவிட்டு, கை ஒடிந்தவரை அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மருத்துவமனைக்கு அழைத்துப் போகவில்லை. பிறகு வந்து பார்க்கவும் இல்லை. இன்றைக்கும் சைக்கிள் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார். "இவங்களுக்குப் பாதை போட்டுக் கொடுத்தா இன்னும் வேகமாத்தான் வருவாங்க" என்று முடித்தாள். அறை முழுவதும் உச்சுக் கொட்டியது. யாரோ, "மனுஷங்களா இவங்க" என்றார்கள்.

எல்லாம் நான் சொன்ன வார்த்தைகள். கோப்பி கொட்டினதைக்கூட அவள் விடவில்லை. கால்வாய் ஓரத்தில், கண்ணைப் பாதையில் வைத்துக்கொண்டு, அவளை நம்பி நான் சொன்ன வார்த்தைகள் நாற்பது பேர் நடுவில் நின்றுகொண்டிருந்தன. தாள் வியர்வையில் ஊறி விரலோடு ஒட்டிக்கொண்டது. எழுந்திரு, எழுந்து அது நான்தான் என்று சொல், அதனால்தான் இந்தப் பாதை வேண்டும் என்று சொல், என்று உள்ளே ஏதோ சொன்னது. முன்வரிசையில் பெரியவர் நாற்காலியில் பாதி திரும்பி எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்தேன். தரையில் சாம்பல் நிற ஓடுகள். அவற்றை மட்டும்தான் அதற்கப்புறம் பார்த்தேன். அவள் பேச்சுக்குப் பிறகு இன்னும் நான்கைந்து பேர் எழுந்து சைக்கிள்காரர்களைத் திட்டித் தீர்த்தார்கள். பாதை வேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது அறையே கை தூக்கியது போலிருந்தது. நான் பேசவில்லை.

வெளியே வந்ததும் அவளைப் பிடிக்கத்தான் ஓடினேன். அவள் முட்டி வலிக்காரி மாதிரி நடக்கவில்லை. தெருவோரக் கார் வரிசையில் ஒரு வெள்ளைக் கார் பீப் என்று சத்தமிட்டுக் கண்சிமிட்டியது. அவள் கதவைத் திறந்தாள்.

"யார் காருடி இது?" என்றேன்.

அவள் திறந்த கதவை மறுபடி பாதி சாத்தினாள். "வீட்டுக்காரர்தான்... வாங்கினார். ஆறு மாசம் ஆச்சு. சொல்லணும்னுதான் நெனச்சேன்."

"முட்டி?"

"அப்பப்போ வலிக்குது லா."

ஆறு மாதம். நான் முடக்கத்தான் அரைத்துக்கொண்டிருந்த ஆறு மாதம். சபை அவள் முட்டிக்காக எழுந்து நின்றபோது அவள் ஏசி போட்டுக்கொண்டு சாயங்காலப் பூசைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். கார் வாங்கினதைச் சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும்? நான் வாழ்த்தியிருப்பேன். உட்கார்ந்து ஒரு சுற்றுப் போயிருப்பேன். சைக்கிள் போரடித்துவிட்டது என்று சொல்லியிருந்தாலும் இரண்டு நாள் கோபித்துக்கொண்டு விட்டிருப்பேன். இந்தக் கார் நிற்க வாசலிலேயே ஓர் இடம் வேண்டும், பல மாடிக் கார்ப்பேட்டையிலிருந்து ஐந்து நிமிடம் நடக்க முடியாது, அதற்காக என்னை எடுத்து அந்த அறையில் போட்டுவிட்டாள்.

"நான் உன்கிட்ட நம்பிச் சொன்னதுடி அது" என்றேன்.

"உன் பேரைச் சொல்லலையே" என்றாள். நிஜமாகவே என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னாள். "யாருக்காவது தெரிஞ்சுதா? நான் சொல்லியிருக்க முடியும்ல. சொல்லலை. உனக்காகத்தான் சொல்லலை."

இதற்கு நான் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். நடந்தேன். அவள் கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை.

இரண்டு வாரம் கழித்து அறிவிப்பை எடுத்துவிட்டார்கள். குடியிருப்பாளர்களின் கருத்தைக் கேட்டபின் இந்தத் தெருவில் இப்போதைக்குத் திட்டம் இல்லை என்று ஒரு சின்னத் தாள். அவளுடைய வெள்ளைக் கார் அதே இடத்தில் நின்றது. தினமும் காலையில் அந்தக் காரைத் தாண்டித்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒரு நாள் சாவியால் ஒரு கோடு இழுத்துவிட்டால் என்ன என்று நினைத்தேன், கையில் சாவியும் இருந்தது. நான் அவ்வளவுக்குக் கீழிறங்கவில்லை. ஆனால் அப்படி நினைத்தேன், அதை மறைக்கப் போவதில்லை.

கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். கடையில் சொன்னேன், தேவாலயத்தில் இரண்டு பேரிடம் சொன்னேன், ஊரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னேன். பாதையைக் கெடுத்தவள் அவள்தான், எட்டு வருடம் என் பக்கத்தில் ஓட்டினவள், என்று. சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வந்தது. பெரியவர் கதையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் அவள் செய்ததைச் சொல்வது கஷ்டம், எப்படியோ சமாளித்துக்கொண்டேன்.

ஆனால் அந்த மனிதர் பாதி திரும்பி உட்கார்ந்திருந்தது கண்ணை விட்டுப் போகவில்லை. கடைசியில் ஒரு புதன்கிழமை, கடை விடுமுறை நாள், பழச்சந்தையில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு அவள் புளோக்கின் இரண்டாவது மாடிக்குப் போனேன். எந்த வீடு என்று தெரியாமல் தேட வேண்டியிருக்கவில்லை. அவர் வீட்டு வாசலிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் பேசினது கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் மலாய். எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

"அங்கிள்," என்றேன், "நாலு வருஷத்துக்கு முன்னாடி அந்த வளைவுல உங்களை இடிச்சது நான்தான். இத்தனை நாள் சொல்லாம இருந்துட்டேன். தப்பு."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "தெரியும்" என்றார். "உன் பேரு தெரியும். உன் புளோக் தெரியும்."

"எப்படி?"

"உன் ஃபிரண்டு. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாடி வந்தா. எல்லாத்தையும் சொன்னா. அங்கிள், நீங்க வந்து உக்காந்தா போதும், கையைக் காட்டினா போதும், அப்படின்னா."

ஆக, என் பேரை அவள் சொல்லியிருந்தாள். யாரிடம் சொல்லக் கூடாதோ அவரிடம், முதல் ஆளாக. அவளை இன்னும் திட்ட எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்ற ஓர் அசிங்கமான திருப்தியும் கூடவே வந்தது. "அதுக்காகத்தான் வந்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் ஒடிந்து கூடின கையைத் தூக்கிக் காட்டினார். தோள் வரைக்கும்தான் வந்தது. "கையைக் காட்டவா? எனக்கென்ன வேற வேலை இல்லையா? அந்த மூலை மோசமான மூலை. அங்கே நானும் ஒரு பொம்பளையை இடிச்சிருக்கேன், என் தள்ளுவண்டியால. பாதை போடுங்கன்னு சொல்லத்தான் வந்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லலை அங்கிள்?"

அவர் மறுபடியும் கத்தியைக் கையில் எடுத்தார். கோபமாக இல்லை, கொஞ்சம் அலுப்பாகத்தான் சொன்னார்.

"அவ பேசி முடிச்சதும் திரும்பிப் பார்த்தேன். நீ எழுந்து நான்தான்னு சொல்லுவே, உடனே நானும் எழுந்து, ஆமா, கை ஒடிஞ்சது என்னோடது, எனக்கே பாதை வேணும்னு சொல்லலாம்னு இருந்தேன். அதுக்கப்புறம் யாரு எதிர்த்துப் பேசுவாங்க? நீ தரையையே பாத்துக்கிட்டு இருந்தே. இடிச்சவளே பேசலை, நான் எதுக்குப் பேசணும்னு வீட்டுக்கு வந்துட்டேன்."

ஆரஞ்சுப் பையை வாங்கி உள்ளே வைத்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்தேன். கீழே அவள் காரில் ஏறிக்கொண்டிருந்தாள், என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் நிற்கவில்லை. அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. ஆனால் பாதையைக் கெடுத்தவள் அவள்தான் என்று இனிமேல் யாரிடமும் போய்ச் சொல்ல என்னால் முடியாது.